குளச்சல் தலைக்கு ஆரணிப் பந்து

போன மாதம் எங்கள் அணியின் இளம் ஆட்டக்காரர் ஒருவர் கைப்பேசியை நீட்டிக் காட்டினார். அவர் எவ்வளவு தூரம் ஓடினார், யாருக்கெல்லாம் பந்து கொடுத்தார், கொடுத்ததில் எது எது கோல் ஆனது என்று எல்லாம் அதில் இருந்தது. "உங்களுக்கு எத்தனை அசிஸ்ட் அங்கிள்?" என்று கேட்டார். எங்கள் காலத்தில் அந்தச் சொல்லே கிடையாது என்றேன். கோல் போட்டவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். பந்து கொடுத்தவன் அந்தப் பேப்பரைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பான், அவ்வளவுதான். அவர் சிரித்துவிட்டு, "அப்புறம் உங்கள எத வெச்சி வேலைக்கு எடுத்தாங்க?" என்றார். நியாயமான கேள்வி. நின்றபடி பதில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

நான் ஆரணிக்காரன். சரியாகச் சொன்னால் ஆரணியை ஒட்டிய சேவூர். தொண்ணூறுகளில் தொடங்கி இரண்டாயிரத்துக்குப் பிறகும் சில வருடங்கள் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவன். ஆடிய இடம் நடுக்களம். முன்னால் நிற்பவனுக்குக் கோல் உண்டு, பின்னால் நிற்பவனுக்குத் தடுத்தான் என்ற பெயர் உண்டு, நடுவில் ஓடுகிறவனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு மட்டும்தான் உண்டு. ஆனாலும் அந்தக் காலத்துச் சென்னை லீக்கில் அந்த இடத்தில் என்னைவிட நன்றாக ஆடியவர்கள் அதிகம் பேர் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கற்றுக்கொண்ட கதை சின்னது. தெருவில் ஆடினேன், பள்ளிக்கூட மைதானத்தில் ஆடினேன், கலசப்பாக்கம், வெம்பாக்கம் என்று எங்கே ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி நடந்தாலும் சைக்கிளில் போய் ஆடினேன். மாவட்ட அணியில் ஆடும்போது சென்னையில் இருந்து வந்த ஒருவர் பார்த்துவிட்டு, "பந்து உன் காலை விட்டுப் போக மாட்டேங்குதே, கோந்து தடவி வெச்சிருக்கியா?" என்று கேட்டார். அவர் மூலமாகத்தான் சென்னையில் ஒரு நிறுவன அணிக்குள் நுழைந்தேன்.

அவர் கேட்ட கோந்துக்குக் காரணம் எங்கள் தெரு. அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த வம்பு முழுவதும் அதனால்தான் வந்தது.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பட்டுத்தறி. காலையில் யாராவது ஒரு வீட்டார் தெருவில் பாவு போடுவார்கள். தெருவின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை கம்புகளை நட்டு, பட்டு இழைகளை இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்ததை எல்லாம் முடிச்சுப் போட்டுச் சரி செய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துச் சுருட்டிவிட வேண்டும். பள்ளிக்கூடம் போவதற்கு முன் எங்களுக்கு ஆடக் கிடைப்பதும் அதே நேரம், அதே தெரு. அதனால் ஒரு சட்டம் இருந்தது. பந்து பாவுக்குக் கீழே உருண்டு போகலாம், மேலே எழும்பக் கூடாது. எழும்பிப் பாவில் பட்டுவிட்டால் பந்து அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொந்தம். அதை எடுத்துப் போய்த் தறிக்கு மேலே விட்டத்தில் கட்டிவிடுவார்கள். அந்தப் பாவில் கடைசிச் சேலையை நெய்து அறுத்து எடுக்கிற வரை பந்து இறங்காது. அழுதாலும் இறங்காது. எந்த அப்பாவும் போய்ப் பரிந்து பேச மாட்டார், ஏனென்றால் அடுத்த வாரம் அவருடைய பாவு தெருவில் நிற்கும்.

ஆகவே நாங்கள் தரையோடு தரையாக ஆடினோம். முழங்கால் பந்துக்கு மேலே, உடம்பு முன்னால் சாய்ந்து, பாதம் பந்தை மேலிருந்து அமுக்கியபடி. குறுகிய இடத்தில் பாவுக் கம்புகளுக்கு நடுவே பந்தை நுழைக்கத் தெரிந்தவனுக்கு எதிர் அணியின் கால்கள் ஒரு பொருட்டே இல்லை. மைதானத்தில் நான் கொடுத்த பந்து புல் நுனிகூட அசையாமல் போகும். அது எனக்குத் தெரிந்த ஒரே வழி என்பது சென்னைக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அந்த நிறுவன அணியில் என்னை ஒரு வருட ஸ்டைபண்டில் எடுத்தார்கள். அதாவது கைச்செலவுக்கு ஏதோ கொடுப்பார்கள், லீக் முடிந்ததும் நன்றாக ஆடியவனை வேலையில் வைத்துக்கொள்வார்கள். அந்த வருடம் ஸ்டைபண்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். காலியாக இருந்த வேலை ஒன்று.

எங்கள் பயிற்சியாளர் துரைராஜை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். ஆள் குட்டை. அலுவலகத்துக்குப் போகிற பேன்ட்டை முழங்கால் வரை மடித்து விட்டுக்கொண்டு அதே உடையில் மைதானத்தில் நிற்பார். விசில் வைத்துக்கொள்ள மாட்டார், கை தட்டுவார். அவர் பயிற்சி தொடங்கும் முறையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். நான் ஆரணி. பந்தைக் கொடுக்கிறவன் கொடுப்பதற்கு முன் வாங்கப் போகிறவனின் ஊரை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் கை தட்டுவார், ஆட்டம் நிற்கும். "யாருக்கு?" என்பார். "அவனுக்கு" என்று கை காட்டினால், "அவனுக்கு ஊர் இல்லையா?" என்பார். மைதானத்துக்கு வெளியே நின்று கேட்டால் ஏதோ பேருந்து நிலையத்தில் கண்டக்டர்கள் ஆள் கூப்பிடுவது போல இருக்கும். ஒரு வாரம் கத்த விட்டுவிட்டு, பிறகு வாயை மூடச் சொல்வார். அப்போது ஊர் மனதுக்குள் ஓடும். கால் எடுப்பதற்கு முன்பே யார் எங்கே நிற்கிறான் என்று கண் பார்த்திருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் நாங்கள் கால் கழுவும் குழாயடிக்கு வருவார். ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கியம் சொல்வார். பாராட்டோ திட்டோ எதுவாக இருந்தாலும் அந்த ஒன்றுதான். திருப்பிக் கேட்டால் பதில் வராது. அவரைப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தை நினைத்துக்கொண்டு அன்று இரவு எல்லோரும் தூக்கத்தில் புரளுவோம்.

ஸ்டைபண்டில் இருந்த இன்னொருவன் லூயிஸ். ஊர் குளச்சல். என்னைவிட எட்டு வயது மூத்தவன், நல்ல உயரம், முன்னால் நிற்கும் ஆள். காலால் சுமாராகத்தான் ஆடுவான். ஆனால் பந்து காற்றில் வந்தால் அவன் தலைக்கு ஈடு கிடையாது. எகிறி, கழுத்தை ஒரு வெட்டு வெட்டுவான், பந்து வலைக்குள் இருக்கும். அவனுக்குப் பந்தை மேலே தூக்கிக் கொடுக்க ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் நடுக்களத்தில் நிற்கிற நானாகத்தான் இருக்க முடியும்.

நான் தரையில் கொடுத்தேன். முதல் ஆட்டத்திலும் தரையில், அடுத்த ஆட்டத்திலும் தரையில். லூயிஸ் கையைத் தூக்கிக் காட்டுவான். நான் பார்ப்பேன், புரியும், காலை எடுப்பேன், பந்து உருண்டு போகும்.

மாஸ்டர் ஒரு நாள் நடுக்கோட்டில் இரண்டு கம்பு நட்டு இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டினார். நடுக்கள ஆட்டக்காரர்கள் கயிற்றுக்கு மேலே தூக்கி முன்வரிசைக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் தூக்கினார்கள். என் முறை வந்தது. இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிய கயிற்றைப் பார்த்த உடனே என் முழங்கால் தானாகப் பந்துக்கு மேலே வந்துவிட்டது. பந்து கயிற்றுக்குக் கீழே போனது. மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் கீழே. கயிற்றைத் தொடாமல், அச்சு அசலாகக் கீழே. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லூயிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று உடை மாற்றும் அறையில் அவன் என் முன்னால் வந்து நின்றான்.

"எலே, நான் என்ன பொட்டனா? ஒனக்குத் தூக்கிப் போடத் தெரியாதுன்னு நான் நம்பணுமா?"

"தெரியாது லூயிஸ். நெஜமாவே வரல."

"இந்தக் கால வச்சிக்கிட்டு நீ ஊசில நூல் கோத்துருவ. தூக்க மட்டும் வராதா? வேல ஒண்ணுதான் இருக்கு, நான் கோல் போட்டா அது எனக்கு வந்துரும். அதானே விஷயம்?"

"எங்க ஊர்ல தெருவுல பாவு போடுவாங்க. பந்து மேல எழும்பினா..."

"கத சொல்லாத மக்கா" என்று போய்விட்டான்.

அதற்குப் பிறகு அணியில் பேச்சு மாறியது. சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நேராக யாரும் எதுவும் சொல்லவில்லை. குழாயடியில் மாஸ்டர் என்னிடம் சொன்ன வாக்கியம்: "பந்தை வெச்சிகினு கணக்குப் போடறவன் எனக்கு வேணாம்." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆடத் தெரியாதவன் என்று சொல்லியிருந்தால்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். கூட ஆடுகிறவனுக்கு வேண்டுமென்றே பந்து கொடுக்காத திருடன் என்று பெயர் வந்தால் இந்தத் தொழிலில் அதோடு சரி. எந்த அணியிலும் சேர்க்க மாட்டார்கள். வேலை போனால் போகட்டும், அந்தப் பெயர் மட்டும் ஒட்டக் கூடாது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

லீக்கில் இடையே சில நாள் ஆட்டம் இல்லை. லூயிஸிடம் போனேன். "எங்க ஊருக்கு வா. வந்து பாரு. பாத்துட்டு அப்பவும் நான் பொய் சொல்றேன்னு தோணுச்சின்னா, எல்லாரு முன்னாடியும் என் சட்டையப் புடி" என்றேன். சண்டை போடப் புது இடம் கிடைத்தது போல அவனும் பேருந்து ஏறினான். வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஆற்காட்டில் இறங்கித் தேநீர் குடித்தபோதுகூடத் தன் தேநீருக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

மறுநாள் காலை தெருவில் பச்சையம்மா அக்கா வீட்டுப் பாவு நின்றது. அரக்குச் சிவப்புப் பட்டு, வெயில் பட்டுக் கண் கூசியது. தெருப் பிள்ளைகள் ஒரு பக்கம் வழக்கம் போலத் தரையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். லூயிஸ் பல் துலக்கிக்கொண்டே வாசலில் வந்து நின்றான். ஒரு பந்து கல்லில் இடறி எழும்பி நேராக அவன் பக்கம் வந்தது. அவன் யோசிக்கவே இல்லை. வாயில் பிரஷ்ஷோடு எகிறி, கழுத்தை ஒரு வெட்டு வெட்டினான். பந்து போய்ப் பாவின் நடுவில் விழுந்தது.

தெருவே நின்றுவிட்டது. பச்சையம்மா அக்கா கையில் இருந்த கஞ்சிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"யாருப்பா நீ? இம்மாம் ஒசரம் வளந்துகினு கண்ணு தெரியாதா உனக்கு? பாவு நிக்கறது தெரியல?"

"அக்கா, தெரியாம..." லூயிஸின் வாயில் பற்பசை நுரை.

"தெரியாமலா? எத்தினி இழை போச்சி பாரு. காலங்காத்தால இன்னா பேஜாரு இது! டேய், அந்தப் பந்த எடுத்துகினு வாடா. நீ எங்க போற? இங்க வா. இந்த நுனியப் புடிச்சிகினு நில்லு. ஆடாத."

அறுந்த இழைகளை எல்லாம் அவர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டு முடிக்கிற வரை லூயிஸ் இரண்டு கையாலும் பட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். முகம் கழுவக்கூட விடவில்லை. பக்கத்தில் நின்ற எங்கள் நைனா, "தம்பி கை நல்லா நிக்குது, ஆட்டத்த வுட்டுட்டு நம்மகிட்ட வந்துடச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். கடைசியில் அக்கா பந்தை எடுத்துப் போய் விட்டத்தில் கட்டினார். லூயிஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். அங்கே ஏற்கனவே ஒரு பந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்பத் தருவாவ?" என்று என்னிடம் கேட்டான்.

"கடைசிச் சேலைய அறுத்ததும்."

"அது எப்ப?"

"நம்ம லீக் முடிஞ்சிடும்."

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தான். "எலே மக்கா, இதத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தியா? நான் ஒன்ன என்னவெல்லாம் நெனச்சிட்டேன், கேட்டியா!" என்றான். அந்த அடி இரண்டு நாள் வலித்தது. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

பழி போனது சரி, தூக்குவது எப்படி? அதற்கும் நான்தான் வழி கண்டுபிடித்தேன். இதை மாஸ்டர் கண்டுபிடித்ததாகப் பிறகு அணியில் சொல்லிக்கொண்டார்கள், தவறு. எங்கள் ஊர் ஆற்றில் மழைக்காலம் தவிர மற்ற நாளில் தண்ணீர் இருக்காது, மணல்தான். மணலில் பந்து உருளாது. எவ்வளவு அழகாகத் தரையில் தள்ளினாலும் சற்றுத் தூரத்தில் புதைந்து நின்றுவிடும். போய்ச் சேர வேண்டும் என்றால் தூக்கியே ஆக வேண்டும். கயிறு கட்டினால் என் கால் கீழே போகும். கீழே வழியே இல்லாமல் செய்துவிட்டால்? லூயிஸை அந்தக் கரைப் பக்கம் நிற்க வைத்துவிட்டு நான் இந்தப் பக்கம் நின்றேன்.

முதல் நாள் முழுக்க மணலைத்தான் தூக்கினேன். வாயில் மணல், காதில் மணல். லூயிஸ் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தான். "மக்கா, பந்து எப்ப வரும்? நான் ஒரு தூக்கம் தூங்கட்டா?" என்பான். இரண்டாம் நாள் ஒன்று பிடிபட்டது. பந்தை மட்டும் பார்த்து உதைத்தால் வராது. பந்துக்கு அடியில் இருக்கிற மணலையும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டும். உடம்பைப் பின்னால் விட்டு, பாதத்தை மண்வெட்டி போல உள்ளே கொடுத்து, சட்டென்று நிறுத்த வேண்டும். பந்து எழும்பியது. மேலே போய், அவசரமே இல்லாமல் இறங்கி, லூயிஸின் நெற்றியில் விழுந்தது. அவன் முட்டவில்லை. அசந்து நின்றுவிட்டான்.

அன்று மாலை கரையில் உட்கார்ந்திருந்தபோது அவன் தன் கதையைச் சொன்னான். வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அப்பாவோடு கட்டுமரத்தில் போகச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள். "இந்த வருசம் இல்லன்னா பிறவு எவனும் என்னிய எடுக்க மாட்டான்" என்றான். எனக்கு மட்டும் அந்த வேலை வேண்டாமா? தறியில் உட்காரப் பிடிக்காமல் நைனாவிடம் வாய்ச் சண்டை போட்டுவிட்டுச் சென்னைக்குப் போனவன் நான்.

இரவு சோறு போடும்போது நைனா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஒரே வேலைக்கு ரெண்டு பேர் போட்டி. அவனையே இட்டுகினு வந்து, அவனுக்கே பந்து தூக்கிக் குடுக்கக் கத்துகினு, அவனுக்கே மீன் கொழம்பும் ஊத்தற. நல்லா இருக்குதுடா உன் பொழப்பு" என்றார். லூயிஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"வேலைய அவன் வாங்கினா வாங்கட்டும் நைனா. பந்த ஒளிச்சி வெச்சவன்னு எனக்குப் பேரு வேணாம்" என்றேன். சொல்லும்போது பெரிய வீரன் போலத்தான் சொன்னேன். படுத்த பிறகு அந்த வேலைக்கு மாதச் சம்பளம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

லீக்கின் கடைசி ஆட்டம் ஒரு பெரிய தொழிற்சாலையின் அணியோடு. அந்த வருடம் யாரிடமும் தோற்காத அணி அது. காரணம் அவர்களுடைய கோல்கீப்பர் பாபு. வியாசர்பாடிக்காரர். கோலுக்குள் நிற்க மாட்டார். பந்து கிளம்பும்போதே அது எங்கே விழும் என்று மோப்பம் பிடித்து வெளியே வந்து எடுத்துவிடுவார். எங்கள் நிறுவனத்தில் இருந்து பெரிய அதிகாரிகள் எல்லாம் பார்க்க வந்திருந்தார்கள். வேலை யாருக்கு என்பது அன்றோடு முடிவாகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

காலையில் இருந்து மழை. மைதானம் குளம். நான் கொடுத்த தரைப் பந்துகள் எல்லாம் பாதி வழியில் தண்ணீரில் நின்றன. எதிரணிக்காரர்கள் வந்து நின்ற பந்தை நிதானமாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஆற்றில் படித்ததை எல்லாம் மைதானத்தில் காலை வைத்ததும் கால் மறந்துவிட்டது. பழகின கால் பழகினதைத்தான் செய்தது. இடைவேளையில் மாஸ்டர் என் பக்கம் திரும்பாமலே, "ஆரணி, தரைக்கு இன்னைக்கு லீவு" என்றார். எனக்குப் பதிலாக இறங்க வேண்டியவனைத் தயாராகச் சொன்னார். அவன் கோட்டுக்கு வெளியே ஓடி உடம்பைச் சூடாக்கத் தொடங்கினான்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. மாற்று ஆட்டக்காரன் சட்டையைச் சரி செய்துகொண்டு நடுக்கோட்டுக்கு வந்துவிட்டான். அப்போது ஒரு பந்து என்னிடம் வந்து, ஒரு தேங்கிய தண்ணீரில் சொத்தென்று நின்றது. நிமிர்ந்தேன். லூயிஸ் கோலுக்கு வலப்புறம் இருந்தான். இந்த முறை அவன் கையைத் தூக்கவில்லை, கத்தவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். பாபு கோலை விட்டு இரண்டு அடி வெளியே, எந்தப் பக்கமும் பாயத் தயாராக. எனக்கு முன்னால் கொஞ்சம் இடமும் இருந்தது. நானே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போய் நானே அடித்திருந்தால் பெயர் எனக்கு வந்திருக்கும், வேலையும் வந்திருக்கும். இதெல்லாம் மனதில் ஓடவில்லை என்று சொன்னால் பொய்.

மனதுக்குள் 'குளச்சல்' என்றேன். உடம்பைப் பின்னால் விட்டேன். பாதத்தைத் தண்ணீருக்குள் கொடுத்தேன், தண்ணீரோடு சேர்த்து எடுத்தேன். பந்து மேலே போனது. பாபு முன்னால் வந்தார், நின்றார், பின்னால் ஒரு அடி வைத்தார், மறுபடி முன்னால் வந்தார். அவர் கைக்கு ஒரு சாண் முன்னால் லூயிஸின் தலை இருந்தது. கழுத்தை ஒரு வெட்டு.

அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். லூயிஸைத் தோளில் தூக்கினார்கள். அதிகாரிகள் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவன் கையைக் குலுக்கினார்கள். நானும் அவன் காலைப் பிடித்துத் தூக்கியவர்களில் ஒருவன்.

குழாயடியில் மாஸ்டர் வந்தார். "குளச்சல், உனக்கு வேலை" என்றார். அடுத்து என்னிடம், "ஆரணி, உனக்கு இன்னொரு வருஷம் ஸ்டைபண்ட்" என்றார். அவரிடம் திருப்பிக் கேட்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் கேட்டேன்.

"ஏன் மாஸ்டர்?"

வழக்கத்துக்கு மாறாகப் பதில் வந்தது. "அவனுக்கு இது கடைசி வருஷம். உனக்கு இது முதல் வருஷம்."

"என் வயசுக்கா வேலை இல்லன்றீங்க?"

"ஆமா" என்றார். காலைக் கழுவிக்கொண்டு, மடித்த பேன்ட்டை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அவர் செய்தது சரியா தவறா என்று இன்றும் என்னால் முழு மனதோடு சொல்ல முடியாது. அன்று கோபம் தலைக்கேறியது. லூயிஸ் என் பையை எடுத்துக் கொடுத்து, "மக்கா, நான் போய் அவுங்ககிட்ட சொல்லட்டா? பந்து ஒன்னோடதுன்னு..." என்றான். "ஒண்ணும் சொல்லாத. போய் வீட்டுக்குத் தகவல் சொல்லு" என்றேன். அவனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறுவது லேசான வேலை இல்லை.

இன்னொரு வருடம் ஸ்டைபண்டில் காத்திருக்க எனக்கு மனம் இல்லை. என் ஆட்டம் எனக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து, ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, யாருடைய சிபாரிசும் இல்லாமல், நாங்கள் தோற்கடித்த அந்தத் தொழிற்சாலைக்கே நேராகப் போனேன். விளையாட்டுப் பிரிவு மேலாளர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"என்ன பொசிஷன்?"

"மிட்ஃபீல்டு சார்."

"இந்த சீசன்ல எத்தனை கோல் போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கடைசி மேட்ச்ல உங்க மேல விழுந்துதே ஒரு கோலு, அதுக்குப் பந்து குடுத்தது நான்தான் சார்" என்றேன்.

அவர் யோசித்துப் பார்த்தார். "அது அந்த உயரமான ஆள் போட்டதாச்சே? அவருக்கு அங்கயே வேலை ஆயிடுச்சுன்னு சொன்னாங்களே?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. அந்தக் கோல் நினைவிருந்தது, தலை நினைவிருந்தது, அதற்கு முன்னால் ஒரு கால் இருந்தது நினைவில்லை. "முகவரி எழுதி வெச்சிட்டுப் போங்க, தேவைப்பட்டா கூப்பிடறோம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று வேலை தேடிய எல்லோருக்கும் தெரியும். எழுந்தேன். இந்த ஊரில் நடுக்களத்தில் ஆடுகிறவனைப் பார்க்க ஒருவருக்கும் கண் இல்லை என்று அந்த ஒரு நிமிடம் நான் நம்பினேன். என் வாழ்க்கையில் என் ஆட்டத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

கதவைத் திறந்துகொண்டு பாபு உள்ளே வந்தார். புதுக் கையுறை கேட்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சார், இவன எங்க புடிச்சீங்க?"

"இவரைத் தெரியுமா?" என்றார் மேலாளர்.

"தெரியுமாவா? ஒரு வாரமா தூங்கலை சார் நானு. கண்ண மூடினா அந்தப் பந்துதான் வருது. அந்த நெட்டையன் இன்னா பண்ணான்? தலைய ஆட்டினான், அவ்ளோதான். வெளிய வந்தா எட்டாது, உள்ள நின்னா புடிக்க முடியாது, அப்படி ஒரு எடம் என் கோல்ல இருக்குதுன்னு எனக்கே அன்னிக்குத்தான் சார் தெரியும். இவன் தண்ணியில நின்னுகினு அதுல கரெக்டா எறக்கினான்."

"நல்லா ஆடுவாரா?"

"அதெல்லாம் நீங்க பாத்துக்கோங்க சார். எனக்கு ஒண்ணுதான். இன்னொரு தபா இவன் எனக்கு எதிர்ல நிக்கக் கூடாது. நம்ம டீம்ல எனக்கு முன்னாடி நிக்கட்டும்."

அந்தத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, அடுத்த சீசனில் இருந்து அவருக்கு முன்னால் நின்றேன். பாபு ஆட்டத்தை விடுகிற வரை அந்த இடத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.